பால் கணக்கு: அட்டவணைகளை மெமரியில் தொடுப்பதா, குவெரியிலேயே ஜாயின் போடுவதா?

மாங்குளத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மாங்குளம் பக்கம் உள்ள ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்குச் சிறிய மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சி ஷார்ப், வின்ஃபோர்ம்ஸ், பின்னால் எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ். அட்டவணை மூன்றுதான்: அங்கத்தவர், நாளாந்தப் பால் வரவு, தீவனக் கடன். விடியப்புறம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பால்கான் வந்து இறங்கும், லக்டோமீட்டர் விட்டுப் பார்த்து, அளந்து, லீற்றரைப் பதிவார்கள். மாத முடிவில் பால் காசில் தவிடு, புண்ணாக்கு எடுத்த கடனைக் கழித்து மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். அங்கத்தவர் 640 பேர், பால் வரவு மாதத்துக்கு ஏறக்குறைய 18,000 நிரை (பதிவு வரி). சேர்வர் கிளிநொச்சியில் இருக்கிறது, நாங்கள் இங்கிருந்து டொங்கிளில் வீபீஎன் போட்டு இணைகிறோம்.

முதலில் எப்படி எழுதினேன் என்றால், அங்கத்தவர் பட்டியலை எடுத்து, லூப் போட்டு, ஒவ்வொருவருக்கும் பால் வரவுக்கு ஒரு குவெரி (சேர்வரிடம் கேட்கிற கேள்வி), கடனுக்கு ஒரு குவெரி. கணக்கு சரியாக வந்தது, ஆனால் மாத அறிக்கை திறக்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். இடையில் சிக்னல் விழுந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

அதனால் மூன்று அட்டவணையையும் ஒரே குவெரியில் ஜாயின் போட்டு (அங்கத்தவர் இலக்கத்தை வைத்து நிரைகளைப் பொருத்தி), குரூப் பை போட்டு (ஆள் வாரியாகத் தொகுத்து), லீற்றரையும் கடனையும் கூட்டினேன். நாலு செக்கனில் வந்தது, சந்தோசப்பட்டேன். பரீட்சைக்குப் பத்துப் பேருக்கு மட்டும் சீட்டு அடித்துப் பார்த்தபோது, ஒரு அம்மா தன் பால் கொப்பியை விரித்து வைத்து விரல் வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "பிள்ளை, என்ர மாடு இவ்வளவு கறக்காது." கொப்பியில் 28 நாள், நாளுக்கு 6 லீற்றர், மொத்தம் 168. என்னுடைய சீட்டில் 504. அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து அந்த ஜாயினைத் தொடப் பயமாக இருக்கிறது.

என்னோடு படித்த ஒருவர், ஜாயினே வேண்டாம், மூன்று அட்டவணையையும் டேட்டாசெட்டில் (உன் கணினியின் மெமரியில் அட்டவணைகளை வைத்திருக்கும் தொகுப்பில்) நிரப்பி டேட்டாரிலேஷன் போட்டுத் தொடுத்துவிடு, ஒவ்வொரு அங்கத்தவருக்கும் கீழே அவருடைய பிள்ளை நிரைகள் வந்து நிற்கும் என்றார். அதையும் செய்து பார்த்தேன். அங்கத்தவர் இலக்கத்தை வைத்து ரிலேஷன் சேர்க்கிற வரியிலேயே எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு). நிரல்களின் (அட்டவணைப் பத்திகளின்) வகை பொருந்தவில்லை என்கிறது. அதே இலக்கத்தில் எஸ்கியூஎல் ஜாயின் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகிறதே!

எனக்கு இரண்டு விடயம் விளங்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா? இந்த மாதிரி வேலைக்கு எதைப் பிடிப்பது? காசு விடயம் என்பதால் ஊகத்தில் செய்ய விருப்பமில்லை.

பாலைமரம் எழுதியது:

தம்பி, முதலில் அந்த இரண்டரை நிமிடத்தைப் பாருங்கள். 640 பேருக்கு ஆளுக்கு இரண்டு குவெரி என்றால் 1,280 தடவை உங்கள் கணினி கிளிநொச்சிக்குப் போய் வருகிறது. டொங்கிளில் ஒரு தடவை போய்வர 120 மில்லிசெக்கன் என்று வைத்தால் 153 செக்கன். சேர்வர் தேடின நேரம் இதில் ஒன்றுமே இல்லை, முழுக்க வழிச்செலவு. ஒரு மூட்டை தவிட்டை ஒவ்வொரு சுண்டாக அள்ளிக்கொண்டு வந்த கதை. பட்டியலுக்கு ஒரு குவெரி, பிறகு ஆளுக்கு ஆள் குவெரி என்று போகும் இதை N+1 (என் பிளஸ் ஒன்) பிரச்சினை என்பார்கள், புதிதாக எழுதுகிற எல்லோரும் ஒருமுறை இதில் விழுந்துதான் எழும்புகிறார்கள்.

என் கருத்து நேரடியானது. தொகை கேட்கிற அறிக்கை என்றால் ஜாயினை சேர்வரிலேயே போடுங்கள். தரவுத்தளம் அதற்கென்றே கட்டப்பட்டது. 1970 இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட் உறவுமுறைத் தரவுத்தளத்தை முன்வைத்தபோதே சொன்னது, தரவு இயந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது என்பதைத்தான். எது வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நெஸ்டட் லூப்பில் தேடுவதா, ஹாஷ் போட்டுப் பொருத்துவதா, இரண்டையும் வரிசைப்படுத்தி மேர்ஜ் பண்ணுவதா என்பதை நிரைகளின் எண்ணிக்கையையும் இன்டெக்ஸையும் (விரைவாகத் தேட உதவும் சுட்டியையும்) பார்த்து அது முடிவெடுக்கிறது. நீங்கள் மெமரியில் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் எழுதினால் 640 ஐ 18,000 ஆல் பெருக்கி ஒரு கோடியே 15 இலட்சம் ஒப்பீடு. அதற்கு முன் அந்த 18,000 நிரையும் டொங்கிளால் வந்து சேர வேண்டும், உங்களுக்குத் தேவையோ 640 வரி.

இன்னொன்று. எஸ்கியூஎல் சேர்வரில் அந்நியச் சாவி (பிள்ளை அட்டவணையில் உள்ள இலக்கம் தாய் அட்டவணையிலும் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு) போட்டால் அதற்கு இன்டெக்ஸ் தானாக வரும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வராது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் இன்னோடிபி இயந்திரம் தானாகப் போடும், இது போடாது. பால் வரவில் அங்கத்தவர் இலக்கம், திகதி இரண்டையும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் நீங்களே போடுங்கள்.

புளியங்குளம் எழுதியது:

லீற்றர் மூன்று மடங்காக வருவது ஜாயினில் நிரைகள் இரட்டிப்பதால். சம் (கூட்டு) போடுகிற இடத்தில் சம் டிஸ்டிங்ட் என்று போட்டுப் பாருங்கள், எனக்கு முன்பு ஒருமுறை சரி வந்தது.

தாமரைமொட்டு எழுதியது:

புளியங்குளம், கோபிக்காதீர்கள், இது மட்டும் வேண்டாம். அந்த அம்மாவின் கணக்கையே எடுங்கள். 28 நாளும் 6 லீற்றர். டிஸ்டிங்ட் போட்டால் ஒரே பெறுமதி ஒருமுறைதான் எண்ணப்படும், சீட்டில் 168 க்குப் பதில் 6 லீற்றர் வரும். உங்களுக்குச் சரி வந்தது அந்த மாதம் எல்லாத் தொகையும் தற்செயலாக வேறுவேறாக இருந்ததால். அடுத்த மாதம் யாரோ ஒருவர் இரண்டு நாள் ஒரே அளவு ஊற்றியிருந்தால் அவருடைய ஒரு நாள் பால் காணாமல் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

மாங்குளத்தான், நடந்தது இதுதான். அந்த அம்மாவுக்குப் பால் வரவில் 28 நிரை, தீவனக் கடனில் 3 நிரை. சரிதானே? நீங்கள் எழுதாவிட்டாலும் 504 ஐ 168 ஆல் வகுத்தால் 3 வருகிறது. இந்த இரண்டு அட்டவணைக்கும் தங்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை, இரண்டும் அங்கத்தவரின் பிள்ளைகள், அவ்வளவுதான். ஆனால் ஒரே ஜாயினில் இரண்டையும் தூக்கிப் போட்டதும் ஒவ்வொரு பால் நிரையும் ஒவ்வொரு கடன் நிரையோடும் சோடி சேர்ந்து 84 நிரை ஆகிவிட்டது. பால் மூன்று தடவை எண்ணப்பட்டது, கடனோ 28 தடவை. ஒரு கடன் 2,500 ரூபா என்றால் மொத்தம் 7,500 வர வேண்டிய இடத்தில் 210,000 வந்திருக்கும். சேர்வர் பிழை விடவில்லை, நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் விடை. ஒரேயொரு கடன் மட்டும் எடுத்தவருக்குப் பால் கணக்குச் சரியாகவே வந்திருக்கும், அதனால்தான் பத்துச் சீட்டில் எல்லாம் பிழையாகத் தெரிந்திருக்காது.

சரியான முறை, ஒவ்வொரு பிள்ளை அட்டவணையையும் முதலில் தனித்தனியே அங்கத்தவர் வாரியாகக் கூட்டிவிடுவது. பால் வரவை அங்கத்தவர் இலக்கத்தில் குரூப் பண்ணி ஒரு துணைக் குவெரி, அதில் ஆளுக்கு ஒரு நிரைதான் இருக்கும். கடனுக்கும் அதேபோல் ஒன்று. பிறகு அங்கத்தவர் அட்டவணையை முன்னால் வைத்து, இந்த இரண்டு தொகுப்பையும் அதனோடு ஜாயின் பண்ணுங்கள். ஆளுக்கு ஒன்று, ஒன்றோடு ஒன்று, பெருகுவதற்கு இடமே இல்லை. உங்களுடைய வேகமும் போகாது.

இதில் லெஃப்ட் ஜாயின்தான் போட வேண்டும். காலபோகம் விதைத்த பிறகு உங்கள் பக்கத்தில் பட்டி மாடுகளைத் தூரத் தரவைக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா? அந்த மாதங்களில் சிலரிடமிருந்து ஒரு சொட்டுப் பாலும் வராது, ஆனால் முந்தின மாதம் எடுத்த தவிட்டுக் கடன் நிற்கும். சும்மா ஜாயின் போட்டால் பால் வரவில் நிரை இல்லாத அந்த ஆள் அறிக்கையிலிருந்தே மறைந்துவிடுவார், அவரோடு சேர்ந்து கடனும் மறையும். லெஃப்ட் ஜாயின் அவரை வைத்திருக்கும். ஆனால் அவருடைய லீற்றர் பூச்சியமாக வராது, நல் (NULL, பெறுமதி இல்லை) என்று வரும். நல்லிலிருந்து எதைக் கழித்தாலும் நல்தான். கடன் எடுக்காத ஆளுக்கும் அதே கதி, முழுப் பால் காசும் வர வேண்டியவருக்குக் கொடுப்பனவு நிரல் வெறுமையாக நிற்கும். ஆகவே கழிப்பதற்கு முன் இரண்டு தொகையையும் ஐஸ்நல் போட்டுப் பூச்சியமாக்குங்கள். மாதத் திகதி நிபந்தனையையும் துணைக் குவெரிக்கு உள்ளேயே வையுங்கள். வெளியே வேர் (WHERE, நிபந்தனை) பகுதியில் பால் வரவின் திகதியைச் சோதித்தால், நல் நிரைகள் அங்கே விழுந்து லெஃப்ட் ஜாயின் பழையபடி சாதாரண ஜாயினாகிவிடும்.

ரிலேஷன் எக்செப்ஷன் விடயம் எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. அங்கத்தவர் அட்டவணையில் இலக்கம் என்ன வகை, பால் வரவில் என்ன வகை? பார்த்து எழுதுங்கள்.

மாங்குளத்தான் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. துணைக் குவெரி இரண்டு போட்டு எழுதினேன், அந்த அம்மாவுக்கு 168 வந்தது. கடன் 3 என்பதும் சரி, நான் எழுதாமலே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வகை பார்த்தேன். அங்கத்தவர் அட்டவணையில் இலக்கம் என்வார்கார் (எழுத்து வகை), பால் வரவிலும் கடனிலும் இன்ட் (முழு எண்). அங்கத்தவர் பட்டியல் பழைய எக்ஸெல் பதிவேட்டிலிருந்து ஏற்றியது, அதில் 0088, 0142 என்று நாலு இலக்கமாக இருந்ததால் எழுத்தாகவே விட்டுவிட்டேன். பிள்ளை அட்டவணையை எடுக்கும்போது இலக்கத்தை எழுத்தாக மாற்றி நிரப்பிப் பார்த்தேன். இப்போது வேறு எக்செப்ஷன். எல்லாப் பெறுமதிக்கும் பொருத்தமான தாய்ப் பெறுமதி இல்லை என்கிறது. நாலாவது அளபுருவுக்கு ஃபோல்ஸ் கொடுத்துக் கட்டுப்பாடு இல்லாமல் ரிலேஷனைச் சேர்த்தால் பேசாமல் சேர்கிறது, அப்படியே விட்டுவிடலாமா?

தாமரைமொட்டு எழுதியது:

விடாதீர்கள்! அது உங்களுக்கு ஒரு விடயத்தைச் சொல்ல வருகிறது, வாயைப் பொத்த வேண்டாம்.

உங்கள் கேள்வியின் மற்றப் பாதிக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஜாயின் என்பது ஒரு கேள்வி. பொருந்துகிறதைத் தா என்று கேட்கிறீர்கள், பொருந்தினது வரும், பொருந்தாதது வராது, அது குறித்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டேட்டாரிலேஷன் அப்படியில்லை. ரிலேஷன் சேர்த்தால் அது வழமையாகவே இரண்டு கட்டுப்பாட்டையும் கூடவே கொண்டுவருகிறது: தாய் நிரலில் ஒரு பெறுமதி இரண்டு தடவை வரக்கூடாது, பிள்ளை நிரலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தாய் இருக்க வேண்டும். நிரைகள் இரண்டும் சேர்ந்து ஒரு நீண்ட நிரையாகவும் மாறுவதில்லை. அங்கத்தவர் அங்கத்தவராகவே இருக்கிறார், அவருக்குக் கீழே 28 பால் நிரையும் 3 கடன் நிரையும் தனித்தனிக் கொத்தாக நிற்கின்றன. அதனால் 84 என்ற பிரச்சினை அங்கே எழும்பவே எழும்பாது. அங்கத்தவர் அட்டவணையில் ஒரு கணிப்பு நிரல் சேர்த்து, பிள்ளை ரிலேஷனின் பெயரைச் சொல்லி லீற்றரைக் கூட்டு என்று எக்ஸ்பிரஷன் கொடுத்தால், அந்தக் கொத்தை மட்டும் கூட்டித் தரும். கடனுக்கு இன்னொரு நிரல். உங்கள் நண்பர் சொன்னதில் பிழை இல்லை.

இப்போது உங்கள் தரவுக்கு வருவோம். எஸ்கியூஎல் சேர்வர் எழுத்தையும் இன்ட்டையும் ஒப்பிடும்போது எழுத்தைத்தான் இலக்கமாக மாற்றும். அதனால் 0142 உம் 142 உம் அதற்கு ஒன்று. நீங்கள் டேட்டாசெட்டுக்காக மாற்றியதோ எதிர்ப்பக்கம், 88 என்ற இலக்கத்தை எழுத்தாக்கினால் அது 0088 ஆகாது, ஆகவே அந்தப் பால் நிரைக்குத் தாய் இல்லை. இப்போது ஒரு வேலை செய்யுங்கள். அங்கத்தவர் இலக்கத்தை இன்ட்டாக மாற்றி எடுத்து ரிலேஷன் போட்டுப் பாருங்கள். வேறு எக்செப்ஷன் வந்தால் எழுதுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அது பொய்யாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதோடு இன்னொன்றும் பாருங்கள். ஜாயினே இல்லாமல் பால் வரவு அட்டவணையை மட்டும் எடுத்து அந்த மாத லீற்றரைக் கூட்டுங்கள். உங்கள் அறிக்கையின் அடித் தொகையோடு அது ஒரு சொட்டும் பிசகாமல் பொருந்த வேண்டும்.

முத்தையன்கட்டு எழுதியது:

இங்கே அறிக்கை பற்றித்தான் எல்லோரும் பேசுகிறீர்கள், நான் பதிவு பற்றிச் சொல்கிறேன். ரிலேஷனுக்கு உண்மையான இடம் அதுதான் என்பது என் அனுபவம்.

நான் சில வருடம் முன்பு ஒரு நெல் கொள்வனவுக் களஞ்சியத்துக்கு எழுதினேன். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகப் போகக் காடு, சிக்னல் வரும் போகும். விவசாயி உழவு இயந்திரத்தில் நெல்லை ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும்போது, லைன் இல்லை, நாளைக்கு வாங்கோ என்று சொல்ல முடியாது. ஆகவே காலையில் சிக்னல் உள்ளபோது விவசாயி பட்டியலையும் அந்தப் போகத்துக் கொள்வனவையும் டேட்டாசெட்டில் நிரப்பிவிடுவோம். ஒரே ஃபில்லில் (நிரப்பும் கட்டளையில்) இரண்டு செலக்டையும் சேர்த்து அனுப்பினால் ஒரு தடவைப் பயணத்திலேயே இரண்டு அட்டவணையும் வந்துவிடும். பிறகு பகல் முழுக்க மெமரியில் வேலை. மேலே விவசாயியைக் கிளிக் பண்ணினால் கீழே அவருடைய மூட்டைகள் வரும், அதற்கு பைண்டிங்சோர்ஸ் (திரையை அட்டவணையோடு இணைக்கும் பொருள்) ஒன்றை மற்றதின் மேல் வைத்து ரிலேஷனின் பெயரைக் கொடுத்தால் போதும், ஒரு வரி கோட் தேவையில்லை. அடிக்கடி டிஃப்கிராம் (மாற்றங்களையும் சேர்த்து வைக்கும் எக்ஸ்எம்எல்) வடிவில் வட்டில் எழுதி வைத்துவிடுவோம், கரண்ட் போய் மடிகணினி அணைந்தாலும் எது புதிது, எது திருத்தியது, பழைய பெறுமதி என்ன என்பதெல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் திரும்பப் படிக்க முன் டேட்டாசெட்டின் ஸ்கீமா (அட்டவணைகளின் அமைப்பு) தயாராக இருக்க வேண்டும், அதையும் ஒரு தடவை தனியாக எழுதி வையுங்கள்.

ஜாயின் பண்ணி எடுத்த ஒற்றை அட்டவணையில் இதைச் செய்ய முயன்றால் மாட்டிக்கொள்வீர்கள். கொமாண்ட்பில்டர் (பதிவுக் கட்டளைகளைத் தானாக எழுதும் கருவி) ஒரே அட்டவணையிலிருந்து வந்த செலக்டுக்குத்தான் இன்சேர்ட், அப்டேட் எழுதித் தரும். விவசாயியின் பெயர் 30 நிரையில் 30 தடவை கிடக்கும்போது, ஒன்றில் எழுத்துப்பிழை திருத்தினால் மற்ற 29 என்ன செய்வது?

புதிய விவசாயியை லைன் இல்லாதபோது பதிந்தால் இலக்கம்? ஓட்டோ இன்கிரிமென்ட் (தானாக இலக்கம் போடும்) நிரலின் தொடக்கத்தை மைனஸ் ஒன்று, படியையும் மைனஸ் ஒன்று என்று வையுங்கள். முதல் ஆள் மைனஸ் 1, அடுத்தவர் மைனஸ் 2. சேர்வரில் உள்ள எந்த உண்மையான இலக்கத்தோடும் முட்டாது. பின்னேரம் அப்டேட் பண்ணும்போது தாயை முதலில் ஏற்றி, சேர்வர் கொடுத்த உண்மை இலக்கத்தை வாங்கித் தாய் நிரையில் எழுதினால், ரிலேஷன் அதைப் பிள்ளை நிரைகளுக்கும் தானாக மாற்றிவிடும். பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள். அழிப்பதென்றால் மறுவளம், பிள்ளைகள் முதலில்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனியுங்கள். ரிலேஷனோடு வருகிற கட்டுப்பாட்டில் டிலீட் ரூல் வழமையாகவே காஸ்கேட். கிரிட்டில் யாராவது ஒரு விவசாயியின் நிரையைத் தெரிவுசெய்து டிலீட் விசையைத் தட்டினால் அவருடைய அத்தனை கொள்வனவு நிரையும் கூடவே அழிபட்டதாகக் குறிக்கப்படும், பின்னேரம் அப்டேட் போனதும் சேர்வரிலும் அழிந்துவிடும். எங்களுக்கு அது நடந்தது. ஒரு விவசாயியின் போகம் முழுவதும் போய், பற்றுச்சீட்டின் அடிக்கட்டைகளைத் தேடி எடுத்து மூட்டை மூட்டையாகத் திரும்பப் பதிந்தோம். அன்றைக்கே டிலீட் ரூலை நன் (None, எதையும் கூடவே அழிக்காதே) என்று மாற்றினேன், கிரிட்டில் அழிக்கும் வசதியையும் நிறுத்தினேன்.

பாலைமரம் எழுதியது:

முத்தையன்கட்டு அண்ணை சொன்னது சரி, பதிவுக்கு ரிலேஷன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் அறிக்கையை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

சேர்வரில் ஜாயின் போடவே முடியாத இன்னொரு இடமும் உண்டு, ஒரு பக்கம் தரவுத்தளத்தில், மறுபக்கம் யாரோ அனுப்பின எக்ஸெல்லில் இருந்தால். அப்போது மெமரியில்தான் பொருத்த வேண்டும், டிக்ஷனரி (சாவியைக் கொடுத்தால் உடனே எடுத்துத் தரும் பட்டியல்) ஒன்றில் ஒரு பக்கத்தைப் போட்டு மறுபக்கத்தைத் தேடினால் 18,000 நிரை கண் மூடித் திறக்க முன் முடியும். ஆனால் ஊர்ப் பெயரை வைத்துப் பொருத்துகிற வேலைக்குப் போகாதீர்கள். பாமினி எழுத்துருவில் தட்டின பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றி வாங்கியிருந்தேன். கொக்கிளாய் என்ற ஊர் இரண்டு பக்கமும் இருந்தது, கண்ணுக்கு ஒரே மாதிரி, ஆனால் பொருந்தவில்லை. அரை நாள் மண்டையை உடைத்தேன். ஒன்றில் கொ என்பது க வோடு ஒரே ஒகரக் குறி, மற்றதில் க, ஒற்றைக் கொம்பு, அரவு என்று மூன்று குறியீடாக இருந்தது. சி ஷார்ப் குறியீடுகளைத்தான் ஒப்பிடும், எழுத்தின் வடிவத்தை அல்ல. இரண்டு பக்கத்தையும் நோர்மலைஸ் பண்ணின (ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்த) பிறகு பொருந்தியது. கடைசியில் ஒரு வெறும் இடைவெளி இருந்தாலும் டிக்ஷனரிக்கு அது வேறு சொல்தான், எஸ்கியூஎல் சேர்வரோ சமன்பாட்டில் கடைசி இடைவெளியைக் கணக்கெடுக்காது. அங்கே பொருந்தியது இங்கே பொருந்தாது.

மாங்குளத்தான் எழுதியது:

தாமரைமொட்டு அக்கா, உங்கள் சந்தேகம் பொய்யாகவில்லை.

அங்கத்தவர் இலக்கத்தை இன்ட்டாக மாற்றி ரிலேஷன் போட்டேன். நிரலில் உள்ள பெறுமதிகள் தனித்துவமாக இல்லை என்று எக்செப்ஷன். இன்ட்டாக மாற்றிக் குரூப் பண்ணி, ஒன்றுக்கு மேல் வருவதை மட்டும் எடுத்துப் பார்த்தால் 11 பேர். 0142 என்று எக்ஸெல்லில் இருந்து ஏறிய ஒருவரை, பதிவு செய்கிறவர் 142 என்று தேடிக் காணாமல், புதிதாக 142 என்று மீண்டும் சேர்த்திருக்கிறார். எழுத்தாக இருந்ததால் முதன்மைச் சாவிக்கு இரண்டும் வேறு, தடுக்கவில்லை. வகை வேறு என்பதால் அந்நியச் சாவி போடவே முடியாமல் இருந்தது, நானும் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். ஜாயினில் அந்த 11 பேரின் பாலும் இரண்டு நிரைக்கும் பொருந்தி இரண்டு சீட்டு வந்திருக்கும். அடித் தொகையைக் கூட்டிப் பார்த்தேன், அறிக்கையில் பால் வரவை விட 1,946 லீற்றர் கூட. நான் சரியாகிவிட்டது என்று சந்தோசப்பட்ட புதிய குவெரியில்தான் இது. அந்த அம்மாவின் 168 ஐப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் அடுத்த கொடுப்பனவில் அவ்வளவு காசும் மேலதிகமாகப் போயிருக்கும்.

நேற்று நிலையத்துக்குப் போய் முகாமையாளரோடு இருந்து அந்த 11 பேரையும் அடையாள அட்டை இலக்கம் பார்த்து ஒவ்வொருவராகச் சேர்த்தோம். ஒன்பது இடத்தில் ஒரே ஆள். இரண்டு இடத்தில் தகப்பன் பதிவில் இருக்க, மகன் அதே பால் கொப்பியோடு வந்தபோது மகன் பெயரில் இன்னொன்று போட்டிருக்கிறார்கள், அந்த இரண்டு வீட்டாரையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பிறகு இலக்கத்தை மூன்று அட்டவணையிலும் இன்ட்டாக்கி, முதன்மைச் சாவி, அந்நியச் சாவி, பாலைமரம் அண்ணா சொன்ன இன்டெக்ஸ் எல்லாம் தரவுத்தளத்திலேயே போட்டுவிட்டேன். அந்த இரண்டு பேருக்கு இப்போதைக்குப் புதிய இலக்கம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அறிக்கை இப்போது துணைக் குவெரி இரண்டு, லெஃப்ட் ஜாயின், ஐஸ்நல். மூன்று செக்கன். அடித் தொகை பால் வரவோடு சரியாக நிற்கிறது, அந்தச் சரிபார்ப்பையும் அறிக்கையின் கீழே ஒரு வரியாக அச்சிடுகிறேன், பொருந்தாவிட்டால் சீட்டு அடிக்க விடாது. பதிவுப் பக்கத்தை முத்தையன்கட்டு அண்ணை சொன்னபடி டேட்டாசெட்டுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறேன், டிலீட் ரூலை முதல் வேலையாக நன் ஆக்கினேன்.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம். காலையில் பட்டியலை நிரப்பும்போது ஒரு பால் சேகரிப்புப் பாதையில் உள்ள அங்கத்தவரை மட்டும் எடுத்தேன், பால் வரவை முழுதாக எடுத்தேன். ரிலேஷன் மீண்டும் தாய் இல்லை என்றது. இது நான் நினைக்கிற காரணம்தானா?

தாமரைமொட்டு எழுதியது:

அதேதான். தாய்க்குப் போட்ட வடிகட்டலைப் பிள்ளைக்கும் போட வேண்டும். இரண்டாவது செலக்டில் பால் வரவை அங்கத்தவரோடு ஜாயின் பண்ணி அதே பாதை நிபந்தனையைக் கொடுங்கள், பால் வரவின் நிரல்களை மட்டும் எடுங்கள். கடனுக்கும் அப்படியே. இரண்டு செலக்டுக்கும் இடைப்பட்ட நொடியில் கிளிநொச்சியில் யாராவது புதிய அங்கத்தவரையும் அவருடைய பாலையும் பதிந்தாலும் இதே பிழை வரலாம். அப்படி நடந்தால் இரண்டையும் ஒரே ஸ்னாப்ஷொட் ட்ரான்சாக்ஷனுக்குள் (இரண்டுக்கும் ஒரே நேரத்து நிலையைக் காட்டும்) எடுங்கள், அதைத் தரவுத்தளத்தில் முன்கூட்டியே அனுமதித்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு வீட்டாரின் கடன் எந்த இலக்கத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். பாலைப் பிரித்தால் கடனையும் பிரிக்க வேண்டி வரும், அதை அவர்களைக் கேட்காமல் செய்யாதீர்கள்.